ஐந்தாம் வலயத்துத் தமிழரும் ஓடாத இறுவட்டும்

2015ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் மிக உயர்ந்த விருதான தங்கப்பனையைத் 'தீபன்' என்னும் படம் பெற்றது. ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் படம் அது. ஆனால் அதன் மாந்தர் பேசுவது பெரும்பாலும் தமிழ். போர் முடிந்த இலங்கையிலிருந்து பொய்க் குடும்பமொன்றாகப் பிரான்சுக்குச் செல்லும் மூவரின் கதை. தீபனாக நடித்தவர் அல்லைப்பிட்டியில் பிறந்து பரிசில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி. எங்கள் ஊர், எங்கள் மொழி, எங்கள் அவலம் ஆகிய மூன்றும் உலகச் சினிமாவின் முதல் மேடையில் ஏறிய நாள் அது. படத்தின் அரசியல் பற்றிப் பலருக்கும் பல கருத்துகள் உண்டு. எனக்கும் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று எழுத வந்தது வேறு விடயம்.

2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் இப்படத்தை டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் வெளியிட்டது. உலகத்துச் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுத்து, துலக்கி, விளக்கவுரைகளுடன் வெளியிடுவதில் பேர்பெற்ற நிறுவனம் அது. இயக்குநரின் விளக்கவுரையும் ஷோபாசக்தியின் நேர்காணலும் அந்தப் பதிப்பில் உள்ளன. புளூ-ரேயின் அச்சிட்ட விலை 39 டொலர் 95 சதம். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 6,000 ரூபா. 2022இல் ரூபா சரிந்த பின்னர் அதே விலை 12,000 ரூபாவைத் தொட்டுவிட்டது. தபாற் செலவும் சுங்கமும் வேறு. இவ்வளவையும் கொடுத்து வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் அதை வருவித்து, கொழும்பிலே முறைப்படி வாங்கிய கருவியில் இட்டால் படம் ஓடாது. அந்த இறுவட்டு வட அமெரிக்காவுக்கானது. ஐரோப்பாவில் வெளியான டிவிடியை வருவித்தால் அதுவும் ஓடாது. அது மேற்கு ஐரோப்பாவுக்கானது. எங்கள் வலயத்துக்கென ஒரு பதிப்பு வெளியானதை நான் எந்தக் கடையிலும் எந்த இணையத்தளத்திலும் கண்டதில்லை.

தமிழ் பேசும் படத்தைத் தமிழர் பார்ப்பதற்கு இங்கே குறுக்கே நிற்பது மொழியோ தணிக்கையோ பணமோ அல்ல. இறுவட்டில் பொறிக்கப்பட்ட ஓர் இலக்கம்.

இந்த இலக்கத்தின் கதையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கிவிட வேண்டும். 1996இன் பிற்பகுதியில் யப்பானிலும் மறுவருடம் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தபோது, ஹொலிவூட்டின் பெரிய படக் கம்பனிகள் ஒரு நிபந்தனை விதித்தன. உலகத்தை வலயங்களாகப் பிரிக்க வேண்டும், ஒரு வலயத்தில் விற்கும் இறுவட்டு மறுவலயத்துக் கருவியில் ஓடக்கூடாது என்பது அந்த நிபந்தனை. அவ்வாறே பிரித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் முதலாம் வலயம். மேற்கு ஐரோப்பா, மத்திய கிழக்கு, யப்பான், தென்னாபிரிக்கா ஆகியன இரண்டு. சிங்கப்பூர், மலேசியா, ஹொங்கொங், தென் கொரியா முதலியன மூன்று. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னமெரிக்கா நான்கு. சீனா ஆறு. விமானங்களுக்கும் உல்லாசக் கப்பல்களுக்கும் எட்டாம் வலயம் என்று தனியாக ஒன்றை ஒதுக்கினார்கள். ஆகாயத்தில் பறப்பவருக்கும் ஒரு வலயம் கிடைத்தது.

நாங்கள் ஐந்து. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷ்யா, மங்கோலியா, வட கொரியா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் எங்களோடு. இந்தக் கூட்டத்துக்குள் பொதுவாக இருப்பது என்ன என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். மொழி இல்லை, மதம் இல்லை, அரசியல் இல்லை. ஹொலிவூட்டின் கணக்குப் புத்தகத்தில் வருமானம் குறைந்த பக்கத்தில் இருந்தவர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை.

2006இல் புளூ-ரே வந்தபோது வலயங்கள் மூன்றாகச் சுருங்கின. அமெரிக்கக் கண்டங்களும் கிழக்காசியாவின் பெரும்பகுதியும் 'ஏ'. ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் அவுஸ்திரேலியாவும் 'பீ'. தெற்காசியாவும் ரஷ்யாவும் சீனாவும் 'சீ'. இங்கும் கடைசி வகுப்பிலேயே எங்களுக்கு இடம்.

இதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையும் சொல்வதே நியாயம். அந்நாளில் ஒரு படம் அமெரிக்காவில் திரையிடப்பட்டு, அதே படச்சுருள்கள் பின்னர் வேறு நாடுகளுக்குப் பயணம் செய்யும். நியூயோர்க்கில் டிவிடி விற்பனைக்கு வரும் நாளில் லண்டன் படமாளிகையில் அப்படம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். அமெரிக்க டிவிடியை லண்டன்காரர் வாங்கிப் பார்த்துவிட்டால் படமாளிகைக்கு யார் போவார்? இது ஒரு வியாபாரியின் நியாயமான கேள்வி. இன்னொரு காரணத்தை அவர்கள் அவ்வளவு உரத்துச் சொல்வதில்லை. ஒரே பொருளை ஏழை நாட்டில் மலிவாகவும் செல்வந்த நாட்டில் அதிக விலைக்கும் விற்பதற்கு இந்த வேலி உதவியது.

இதில் பெரியவர்களும் அகப்பட்டார்கள். 2009 மார்ச்சில் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிறவுண் வாஷிங்டன் சென்றபோது, ஜனாதிபதி ஒபாமா அவருக்கு 25 சிறந்த அமெரிக்கப் படங்களின் டிவிடிகளைப் பரிசளித்தார். அவை முதலாம் வலயத்துக்குரியவை என்றும் டவுனிங் வீதியிலுள்ள கருவியில் ஓடவில்லை என்றும் லண்டன் பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. உலக வல்லரசின் தலைவர் கொடுத்த பரிசுக்கே அந்தக் கதி.

ஒரு மொழி பேசுவோர் ஒரு வலயத்துக்குள் வாழ்வார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் அடியில் இருந்த எண்ணம். யப்பானியருக்கு அது பொருந்தலாம். எங்களுக்கு? வெள்ளவத்தையில் எந்த ஒழுங்கைக்குள்ளும் சென்று ஏதாவது ஒரு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுப் பாருங்கள். மூத்த மகன் ஸ்காபரோவில் இருப்பார். அது முதலாம் வலயம். மகள் லண்டனிலோ சூரிச்சிலோ ஒஸ்லோவிலோ. அது இரண்டு. தாயாரின் சகோதரர் கோலாலம்பூரில், அது மூன்று. பெறாமகன் மெல்பேணில், அது நான்கு. பெற்றோர் மட்டும் ஐந்தாம் வலயத்தில் தொலைபேசிக்குப் பக்கத்தில். 1983க்குப் பின்னர் சிதறிய எங்கள் சனத்தை நினைத்துக்கொண்டு வேண்டுமென்றே ஒருவர் இந்த வரைபடத்தைக் கீறியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாகக் கீறியிருக்க முடியாது. அறுபதாம் பிறந்தநாளுக்குத் தந்தைக்கு ஒரு நல்ல படத்தை ரொறன்ரோவில் வாங்கி அனுப்பும் மகன் வலய இலக்கத்தைப் பார்ப்பதில்லை. பொதி பிரிக்கப்படும், இறுவட்டு உள்ளே போகும், திரையில் வலயம் பொருந்தவில்லை என்று ஓர் ஆங்கில வரி வரும். தந்தையார் அதை மகனுக்குச் சொல்லவும் மாட்டார். படம் நன்றாக இருந்தது என்பார்.

வலய இலக்கத்தோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. அதுதான் தொலைக்காட்சி முறைமை. இலங்கை, இந்தியா, ஐரோப்பா ஆகிய இடங்களில் 'பால்' முறை. இது குடிக்கும் பால் அல்ல. வட அமெரிக்காவில் 'என்ரிஎஸ்சி' முறை. முன்னதில் 625 வரிகள், செக்கனுக்கு 25 படங்கள். பின்னதில் 525 வரிகள், ஏறத்தாழ 30 படங்கள். எங்கள் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்றுக்கொண்டன. வட அமெரிக்கக் கருவிகள் பலவும் தங்கள் முறையைத் தவிர வேறொன்றை அறியாதவை. ஆகவே வீட்டுச் சடங்குகளைப் படம்பிடிப்பவர்கள், கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும், பிரதி எடுக்கும் முன்னர் ஒரு கேள்வி கேட்பார்கள்: "கனடாவுக்கோ, லண்டனுக்கோ?"

கலியாணம், சாமத்தியச் சடங்கு போன்றவற்றுக்கு அந்தக் கேள்வி சாதாரணமானது. மரணச் சடங்குக்கு அப்படியல்ல. அகதி விண்ணப்பம் முடிவாகாத காரணத்தால் தகப்பனின் கொள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகள் எங்கள் சமூகத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது ஒரு இறுவட்டு மட்டுமே. அதுவும் முறைமை மாறிப் போய்ச் சேர்ந்து, கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடும் கோடுகளாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? தொழில்நுட்பம் பற்றிப் பேசுவோர் இதையெல்லாம் 'பொருந்தாமை' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

தமிழ்ப் படங்களை விற்றவர்கள் இந்த விடயத்தில் ஹொலிவூட்டை விடப் புத்திசாலிகளாக இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். லண்டனைத் தளமாகக் கொண்ட ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்றோர் வெளியிட்ட தமிழ்ப்பட டிவிடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வலயப் பூட்டு இல்லை. அதோடு அவற்றை என்ரிஎஸ்சி முறையிலேயே பதித்தார்கள். அம்முறையில் பதித்தால் ரொறன்ரோவிலும் ஓடும், கொழும்பிலும் ஓடும் என்ற கணக்கு அது. தங்கள் வாடிக்கையாளர் எங்கெங்கு சிதறிக் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2007இல் இந்தியாவின் மோசர் பேர் நிறுவனம் 28 இந்திய ரூபாவுக்கு விசிடியும் 34 ரூபாவுக்கு டிவிடியும் விற்கத் தொடங்கியது. திருட்டுப் பிரதியின் விலைக்கே அசல் பிரதி என்பது அவர்களது உத்தி. அந்த நிறுவனம் 2018இல் கலைப்புக்கு உள்ளானது என்பது வேறு கதை. மலிவாகவும் பூட்டில்லாமலும் கொடுத்தால் சனம் அசலை வாங்கும் என்று எண்ணித் துணிந்தவர்கள் என்ற அளவில் அவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

இப்போது எங்கள் ஊர்க் கடைகளுக்கு வருவோம். வெள்ளவத்தை சவோயில் ஆங்கிலப் படமும் கொட்டாஞ்சேனை செல்லமஹாலில் தமிழ்ப் படமும் பார்த்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. அரசாங்கத்தின் திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972 முதல் இறக்குமதியைத் தன் கையில் வைத்திருந்த காலத்தில், சென்னையில் வெளிவந்த படம் ஆண்டுகள் கழித்தே இங்கு வந்தது. காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். பின்னர் வீடியோ கசற் வந்தது, விசிடி வந்தது, டிவிடி வந்தது. காலி வீதியின் இரு மருங்கிலும் இறுவட்டுக் கடைகள் முளைத்தன. வெள்ளிக்கிழமை சென்னையில் வெளியான படம் திங்கட்கிழமை காலையில் பிளாஸ்ரிக் உறையில் தொங்கும். அவை எவ்வாறு வந்தன என்பதை எவரும் கேட்பதில்லை.

அந்தக் கடைகளில் ஒன்றில் ஒரு தம்பி என்னைக் கண்டதும் சிரிப்பார். "ஐயா, நீங்கள் ஏன் ஒறிஜினலை வாங்கிக் கஷ்டப்படுறியள்? இதை நூறு ரூபாய்க்குக் கொண்டுபோங்கோ. எந்த மெசினிலையும் ஓடும்." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. திருட்டுப் பிரதிக்கு வலயம் கிடையாது. பூட்டை உடைத்த பின்னர்தானே பிரதி எடுக்கிறார்கள். 'நகல் எடுத்தல் குற்றம்' என்ற எச்சரிக்கையும் அதில் இருக்காது. அசலை வாங்கியவர்தான் ஒவ்வொரு முறையும் அதை வாசித்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். கள்ளனைப் பிடிப்பதற்கென்று சொல்லிப் போட்ட வேலி, காசு கொடுத்தவனை மாத்திரம் மறித்தது.

இணையத்தில் படம் வாங்குவது கொழும்பிலிருப்பவருக்கு எப்படிப்பட்ட அலுவல் என்பதை வெளிநாட்டு வாசகர்கள் அறியமாட்டார்கள். முதலில் கடனட்டை வேண்டும். அது இருந்தாலும், இலங்கை என்ற பெயரைக் கண்டதும் சில கடைகள் 'உங்கள் நாட்டுக்கு அனுப்புவதில்லை' என்று கதவைச் சாத்தும். அனுப்புகிறவர்களிடம் வாங்கினால் பொதி வர மூன்று கிழமை, சில வேளை மூன்று மாதம். ஒரு தடவை பொதியொன்றைப் பெற அலுவலகம் ஒன்றுக்குச் சென்றேன். உறையைப் பிரித்துப் பார்த்த உத்தியோகத்தர் அதிலிருந்த 'புளூ-ரே' என்ற எழுத்தில் விரலை வைத்து, "இது என்ன புளூ படம், மஹத்தயா?" என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்மணிகள் என் முகத்தைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. நரைத்த தலையோடு நின்று, அது ஒரு தொழில்நுட்பத்தின் பெயர் என்று அரை மணித்தியாலம் விளக்கினேன்.

இன்னொரு தடவை, 'எல்லா வலயங்களுக்கும் உரியது' என்று எழுத்தில் உறுதி சொல்லி ஒரு விற்பனையாளர் அனுப்பிய பழைய இத்தாலியப் படம் இரண்டாம் வலயத்துக்குரியதாக வந்து சேர்ந்தது. எழுதிக் கேட்டேன். திருப்பி அனுப்பினால் பணம் தருவதாக மரியாதையான பதில் வந்தது. திருப்பி அனுப்பும் தபாற் செலவு இறுவட்டின் விலையை விடக் கூடியது. அந்த விற்பனையாளருக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். இறுவட்டு இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது.

பூட்டுக்குத் திறப்பு இல்லாமல் இல்லை. சீனாவிலிருந்து வந்த மலிவான கருவிகளில் தட்டைத் திறந்துவைத்து, ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் ஓர் இரகசியப் பட்டியல் தோன்றும். அதில் பூச்சியத்தைத் தெரிவுசெய்தால் எல்லா வலயமும் ஓடும். வெள்ளவத்தைக் கடைக்காரர்கள் இதைச் செய்துகொடுத்தே விற்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இருமடங்கு விலை கொடுத்து யப்பானியப் பெயருள்ள கருவியை வாங்கியவருக்குத்தான் தொல்லை. கணினியில் பார்க்கலாம் என்றால், 2000ஆம் ஆண்டு முதல் வந்த டிவிடி இயக்கிகளில் வலயத்தை ஐந்து தடவை மாத்திரமே மாற்றலாம். ஐந்தாவது தடவை எங்கே நிறுத்தினீர்களோ அங்கேயே ஆயுளுக்கும் நிற்கும். பின்னர் படக் கம்பனிகள் பூச்சிய வலயக் கருவிகளை அடையாளம் காணும் உத்தி ஒன்றையும் சில இறுவட்டுகளில் புகுத்தின. அவற்றை இட்டால் திரையில் ஓர் உலக வரைபடமும், உங்கள் கருவி பொருத்தமற்றது என்ற அறிவிப்பும் வரும். புளூ-ரே கருவிகளில் இந்த எண் வித்தை பெரும்பாலும் பலிக்காது. உள்ளே வன்பொருளையே மாற்ற வேண்டும், அல்லது அவ்வாறு மாற்றி விற்கும் வெளிநாட்டுக் கடையைத் தேட வேண்டும்.

இப்படிப் பூட்டைத் திறப்பது சரியா என்று சில நண்பர்கள் கேட்டதுண்டு. பத்திரிகையாளனாக நாற்பது வருடம் பிறர் எழுத்தைத் திருடாமல் வாழ்ந்தவன் நான். என் எழுத்தைத் திருடியவர்கள் பலர். ஆகவே பதிப்புரிமை பற்றி எனக்கு அலட்சியம் கிடையாது. எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. அது கடுமையாக அமுல்செய்யப்பட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் விலை கொடுத்து, வரி கொடுத்து, தபாற் செலவும் கொடுத்து வாங்கிய ஒரு பொருளை அதன் சொந்தக்காரர் தன் வீட்டில் இருந்து பார்ப்பதில் களவு எங்கே இருக்கிறது? படைப்பாளிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. புத்தகம் ஒன்றை லண்டனில் வாங்கிக் கொழும்பில் வாசிப்பதை எவரும் குற்றம் என்பதில்லை.

இப்படி நினைப்பவன் நான் மட்டுமல்லன். நோர்வேயைச் சேர்ந்த ஜோன் ஜொஹான்சன் என்ற பையன், டிவிடியின் மறைகுறிப் பூட்டைத் திறக்கும் மென்பொருளை 1999இல், தன் 15ஆவது வயதில், வெளியிட்டோருள் ஒருவன் என்பதற்காகப் பின்னர் நீதிமன்றம் ஏற்றப்பட்டான். 2003 ஜனவரியில் ஒஸ்லோ நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. அரச தரப்பு மேன்முறையீடு செய்து, அதே வருடம் டிசம்பரில் அங்கும் தோற்றது. சட்டப்படி வாங்கிய படத்தைப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதே அந்த வழக்கின் சாரம். அவுஸ்திரேலியா இன்னும் ஒரு படி சென்றது. 2006இல் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்புப் பூட்டுகளை உடைப்பதைத் தடைசெய்த அந்த நாடு, படங்களின் வலயப் பூட்டை மாத்திரம் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. சந்தையைப் பிரிக்கும் வேலிக்குச் சட்டத்தின் காவல் தேவையில்லை என்று தீர்மானித்தார்கள்.

மறுபக்கத்தில் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. கிரைட்டீரியன் போன்ற நிறுவனத்துக்கு வட அமெரிக்காவில் விற்கும் உரிமை மாத்திரமே கிடைக்கிறது. பூட்டுப் போடாவிட்டால் படத்தின் சொந்தக்காரர் உரிமையே கொடுக்கமாட்டார். லண்டனில் அதே படத்தை விலை கொடுத்து வாங்கிய இன்னொரு சிறு நிறுவனத்தின் வயிற்றில் அடிப்பதாகவும் ஆகும். சரி. ஆனால் கொழும்பில் யாருடைய வயிற்றில் அடிக்கிறோம்? இங்கே அந்தப் படத்தை விற்கும் உரிமையை எவரும் வாங்கவில்லை, வாங்கப்போவதுமில்லை. விற்பனையாளரே இல்லாத சந்தையை யாருக்காகக் காவல் காக்கிறார்கள்? உரிமை ஒப்பந்தம் எழுதும்போது, 'வெளியீட்டாளர் எவரும் இல்லாத நாடுகளுக்குப் பூட்டு இல்லை' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எவருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. இறுவட்டின் குறியீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வலயங்களைத் திறந்துவிட முடியும். தொழில்நுட்பம் அதற்குத் தடையல்ல.

இந்த வேலி இல்லாவிட்டால் சினிமாத் தொழில் சரிந்துவிடும் என்று சொன்னவர்களே அதைக் கைவிட்டதையும் பார்த்தோம். 2016இல் வந்த 4கே புளூ-ரே இறுவட்டுகளுக்கு வலயமே வைக்கவில்லை. தொழில் சரியவில்லை. ஆனால் அந்த நல்ல காரியம் நடந்த வேளையில் இறுவட்டின் காலமே சாயத் தொடங்கிவிட்டது. அதே 2016 ஜனவரியில் நெற்பிளிக்ஸ் இலங்கை உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வந்தது. 2019இல் சாம்சுங் புதிய புளூ-ரே கருவிகள் செய்வதைக் கைவிட்டதாக அறிவித்தது. இறுவட்டில் ஒழிந்த வலயம், இணையத்தில் வேறு பெயரில் குடிபுகுந்தது. ரொறன்ரோவில் மகளுக்குத் தெரியும் படம் கொழும்பில் தாய்க்குத் தெரியாது. போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லை. அலுமாரியில் இருக்கும் இறுவட்டையாவது ஒரு கருவியைத் தேடிப்பிடித்து ஓட்டலாம். அதனால்தான் 'எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே, இந்தக் காலத்தில் இறுவட்டு எதற்கு' என்று கேட்கும் இளைஞர்களோடு நான் உடன்படுவதில்லை.

பிரதி ஒன்று கையில் இருப்பதன் பெறுமதியை எங்களை விட அறிந்தவர் யார்? 1983 யூலையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது, எத்தனையோ படங்களின் மூலச் சுருள்கள் அதோடு எரிந்தன. தமிழருக்குச் சொந்தமான இடம் என்பதற்காகத் தீ வைத்தவர்கள் சிங்களச் சினிமாவின் வரலாற்றையும் சேர்த்தே எரித்தார்கள். இலங்கையின் தமிழ்ப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றுள்ளும் பலவற்றைப் பெயராக மட்டுமே இன்றைய தலைமுறை அறியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, காவலூர் ராஜதுரையின் எழுத்தில் 1977இல் எடுத்த 'பொன்மணி'யைப் பற்றி எழுதியவர்கள் பலர், பார்த்தவர்கள் சிலர். அதைத் துலக்கி, முறையாக விற்பனைக்கு வைத்த பிரதி ஒன்றை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. பத்திராஜ 2018இல் காலமாகிவிட்டார்.

அண்மையில் ஒரு நல்ல செய்தி வந்தது. சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த 'கெஹெனு லமாய்' இந்தியாவின் திரைப்படப் பாரம்பரிய அறக்கட்டளையால் புதுப்பிக்கப்பட்டு, 2025இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. இப்படிப் புதுப்பிக்கப்படும் இலங்கைப் படங்கள் என்றாவது இறுவட்டாக வருமானால், பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோதான் வரும். அப்போது அவை 'ஏ' என்றோ 'பீ' என்றோ பூட்டப்பட்டு வந்தால், தான் பிறந்த தீவில் மட்டும் ஓடாத இலங்கைப் படம் என்ற விசித்திரத்தையும் நாம் காண வேண்டி நேரும். 'பொன்மணி' புதுப்பிக்கப்படும் நாள் வந்தால் அதற்கும் அதே கதிதான். மூலப்பிரதி இருப்பது எங்கள் நாட்டில். உரிமை இருப்பது எங்கள் நாட்டவரிடம். கையெழுத்து வைப்பதற்கு முன்னர் வலயப் பூட்டு இல்லாத பதிப்பு வேண்டும் என்று கேட்க வேண்டிய பொறுப்பு திரைப்படக் கூட்டுத்தாபனத்துக்கும் படங்களின் உரிமையாளர்களுக்கும் இருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் வரியுரைகள் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடலாம்.